நான்கெல்லையைக் கையால் அடிக்க வேண்டும்

துண்டறிக்கைகளிலும் விழா மலர்களிலும் ‘துமிழ்’ என்று அச்சாகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடித்தவருக்குக் கவனம் போதவில்லை என்று எண்ணிப் பக்கத்தைத் திருப்பியிருப்பீர்கள். அந்தப் பிழையை எந்த விரலும் அடிக்கவில்லை. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று வர ஆங்கில விசைப்பலகையின் ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு விசைகளையும் அரைப்புள்ளியையும் தட்ட வேண்டும். கணினியைப் பொறுத்தவரை அது ஏதோ ஓர் ஆங்கிலச் சொல். வாக்கியத்தின் தொடக்கத்தில் அது வந்தால் வேர்டு மென்பொருள் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். பாமினியில் சிறிய ஜே ‘த’, பெரிய ஜே ‘து’. அடித்தவர் இடைவெளி விசையைத் தட்டிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார். அவர் விட்டுவந்த இடத்தில் தமிழ் துமிழாகிவிடுகிறது. இதே வழியில் ‘மக்கள்’ முக்கள் ஆகும்.

சரிசெய்ய ஒரு நிமிடம் போதும். தானியங்கித் திருத்தம் என்ற பகுதியைத் திறந்து ஒரு சரிக்குறியை எடுத்துவிட்டால் தீர்ந்தது. அப்படி ஒரு சரிக்குறி இருப்பதே தெரியாமல், பத்திக்குப் பத்தி பின்னால் போய் முதல் எழுத்தைத் திருத்திக்கொண்டு வருடக்கணக்கில் வேலை பார்த்தவர்களை எனக்குத் தெரியும். புதுக்கோட்டையின் ராஜ வீதிகளை ஒட்டிய டிடிபி கடைகளில் உட்கார்ந்து பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர்கள் கெட்டிக்காரர்கள். ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் வந்தாலும் அடித்துத் தருவார்கள். தங்கள் கைக்கும் திரைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

அந்தச் சிறு திருத்தத்துக்குள் ஒரு முழு மேக்ரோ இருக்கிறது. இடைவெளி விசை அதன் தூண்டல். வாக்கியத்தின் முதற்சொல்லா என்று பார்ப்பது நிபந்தனை. எழுத்தை மாற்றுவது செயல். விசைப்பலகை மேக்ரோ என்று சொல்லப்படுவதெல்லாம் இந்த மூன்றின் விரிவுதான். ஒரு விசையைத் தட்டினால் எழுத்து நேராகத் திரைக்குப் போய்விடுவதில்லை. எந்த விசை என்பதற்கான எண்ணை இயங்குதளம் வாங்கி, அப்போது முன்னால் திறந்திருக்கும் சாளரத்திடம் ஒப்படைக்கிறது. மேக்ரோ மென்பொருள் அந்த வழியின் நடுவில் உட்கார்ந்து, போகிற விசைகளையெல்லாம் கவனிக்கிறது. தான் காத்திருந்த சேர்க்கை வந்ததும் அதை நிறுத்திவைத்துவிட்டு, தன்னிடம் உள்ள நீண்ட வரிசையை யாரோ உட்கார்ந்து தட்டுவதுபோலவே அனுப்புகிறது. வாங்கிக்கொள்ளும் மென்பொருளுக்கு வித்தியாசம் தெரியாது.

இந்த யோசனை பழையது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் டெக்கோ என்றொரு தொகுப்பான் புழக்கத்தில் இருந்தது. அதன் கட்டளைகளை அவரவர் தம் வசதிக்கு ஏற்றபடி வரிசை கட்டி வைத்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு வரிசையாகப் பெருகிக் கிடந்ததை 1976இல் கை ஸ்டீலும் ரிச்சர்ட் ஸ்டால்மனும் தொகுத்து ஒழுங்காக்கினார்கள். ஈமேக்ஸ் அப்படித்தான் பிறந்தது, அதன் பெயரிலேயே மேக்ரோ இருக்கிறது. இன்றும் அதில் பதிவைத் தொடங்க ஒரு கட்டளை விசையோடு திறப்பு அடைப்புக்குறியைத் தட்ட வேண்டும், முடிக்க மூடும் அடைப்புக்குறி. இடையில் தட்டியதெல்லாம், தப்பாகத் தட்டி அழித்ததும்கூட, வரிசையில் சேர்ந்துவிடும். மேசைக் கணினிக்கு இது 1990இல் விண்டோஸ் 3.0 உடன் ரிக்கார்டர் என்ற சிறு நிரலாக வந்து, விண்டோஸ் 95இல் காணாமல் போனது. 2003இல் கிறிஸ் மாலட் வெளியிட்ட ஆட்டோஹாட்கீ அந்த இடத்தைப் பிடித்தது. காசு கொடுக்க வேண்டாம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

பதிவுசெய்வது ஒரு வழி, எழுதிவைப்பது இன்னொரு வழி. புதிதாக வருபவர்கள் பதிவைத்தான் விரும்புவார்கள். பொத்தானை அழுத்திவிட்டு, வேலையை ஒருமுறை செய்துகாட்டிவிட்டு, மறுபடி பொத்தானை அழுத்தினால் முடிந்தது. ஆனால் பல பதிவு நிரல்கள் மவுஸை அழுத்திய இடத்தைத் திரையின் மூலையிலிருந்து புள்ளிக் கணக்கில் குறித்துவைக்கின்றன. நாளைக்கு அதே சாளரம் சற்றுத் தள்ளித் திறந்தால் ‘சேமி’ இருந்த இடத்தில் ‘நீக்கு’ இருக்கலாம். மேக்ரோ அழுத்தத்தான் செய்யும். எழுதிவைக்கிற வழியில், இன்ன பெயருள்ள சாளரம் திறக்கும்வரை காத்திரு, திறக்காவிட்டால் மேற்கொண்டு எதையும் செய்யாதே என்று சொல்லிவைக்கலாம். கொஞ்சம் படிக்க வேண்டும், அவ்வளவுதான். எந்த வழியானாலும் முதலில் தீர்மானிக்க வேண்டியது அதை நிறுத்துவதற்கான விசையை. ஓடத் தொடங்கிய மேக்ரோவின் கையில் விசைப்பலகை இருக்கும். அப்போது உட்கார்ந்து யோசிக்க நேரம் இராது.

பிறர் தந்த மேக்ரோவைப் படித்துப் பார்க்காமல் ஓட்டவே கூடாது. வேர்டு கோப்புக்குள் மேக்ரோவை ஒளித்துவைக்க முடியும் என்பதைக் கொண்டுதான் 1999 மார்ச்சில் மெலிசா வைரஸ் மின்னஞ்சல் வழியாக உலகைச் சுற்றியது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் இயல்பிலேயே தடுக்கத் தொடங்க 2022 ஆயிற்று. கடவுச்சொல்லை மேக்ரோவில் எழுதிவைக்கும் பழக்கத்தையும் கடைகளில் பார்க்கிறேன். அந்தக் கோப்பைத் திறக்கிற எவரும் அதைப் படிக்கலாம்.

தமிழில் அடிப்பவர்களுக்கு மேற்கொண்டு ஒரு சிக்கல் உண்டு. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற தமிழ் எழுதிகளும் இதேபோல் விசைகளை வழிமறித்து மாற்றித் தருபவைதான். மேக்ரோ அனுப்புகிற விசைகளைத் தமிழ் எழுதி இன்னொரு முறை மாற்றினால் திரையில் வருவது எந்த மொழியும் இல்லை. ஆகையால் விசைகளாக அனுப்பாமல் ஒருங்குறி எழுத்துகளாகவே அனுப்பும்படி மேக்ரோவை எழுத வேண்டும். சுருக்கத்தை அடித்தால் விரிவாக மாறும் மேக்ரோவிலும் ஒரு கவனம் தேவை. சுருக்கத்தை அழிக்க மேக்ரோ பின்னழிப்பு விசையை எண்ணித் தட்டுகிறது. ‘கி’ நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்குக் ககரமும் கொக்கியுமாக இரண்டு. சில மென்பொருள்களில் ஒரு பின்னழிப்புக்குக் கொக்கி மட்டும் போகும், சிலவற்றில் முழு எழுத்தும் போய்விடும். எண்ணிக்கை பிசகினால் முந்தைய சொல்லின் வால் அறுந்துவிடும். தமிழ்ச் சுருக்கங்களைத் தூண்டலாக வைப்பதைவிட, மேல்வரிசையின் செயல் விசைகளை வைத்துக்கொள்வது நல்லது என்று கண்டிருக்கிறேன்.

தமிழ் எழுதிகளில் தமிழ்99 விசைப்பலகையை நான் மதிப்பதற்குக் காரணம் வேகம் அல்ல. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி உருவாகி, அரசால் ஏற்கப்பட்ட அமைப்பு அது. உயிர்கள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. அதன் உள்ளே ஒரு தானியக்கம் இருக்கிறது. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். மெல்லினத்தை அடுத்து அதன் வல்லினம் வந்தாலும் அப்படியே. ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ. ‘தம்பி’க்கு த, ம, ப, இ. புள்ளி விசையைத் தொடவே வேண்டாம். தமிழில் எந்த எழுத்தை அடுத்து எந்த எழுத்து வரும் என்ற மெய்ம்மயக்க இலக்கணத்தைத் தெரிந்தவர்கள் செய்த வேலை என்பது தட்டும்போதே தெரிகிறது. இன்னும் எனக்குப் பிடித்தது, அந்த விதி பொருந்தாத சொற்களுக்கும் அவர்கள் இடம் விட்டிருப்பது. ‘மமதை’ என்று அடிக்க ம, ம என்று தட்டினால் ‘ம்ம’ ஆகிவிடும். அங்கே முதல் மகரத்துக்குப் பின் அகர விசையை ஒருமுறை தட்ட வேண்டும். புள்ளி வேண்டாம் என்று கை சொல்ல அதுதான் வழி. ‘லலிதா’வுக்கும் அதுவே. அடிப்பவர் எந்த இடத்தில் மறுக்க விரும்புவார் என்பதை முன்கூட்டி நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். வேர்டின் பெரிய எழுத்துத் திருத்தத்துக்கும் இதற்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது.

2015 அக்டோபர் 11ஆம் தேதி புதுக்கோட்டையில் தமிழ் வலைப்பதிவர் திருவிழா நடந்தது. ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் சேர்ந்த கணினித் தமிழ்ச் சங்கம் அதை நடத்தியது. ஒரு சிறிய மாவட்டத் தலைநகரில் தமிழைக் கணினியில் எழுதுவதை ஒரு பொதுக்காரியமாக எடுத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து வளர்ந்தவர்கள் அவர்கள். மேக்ரோவின் அடிப்படைகளும் அப்படித்தான் பரவ வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஆனால் எதை மேக்ரோவிடம் கொடுக்கலாம் என்ற கேள்விக்கு மென்பொருளின் உதவிப் பக்கங்களில் விடை கிடைக்காது. ‘எதையெல்லாம் திரும்பத் திரும்பச் செய்கிறீர்களோ அதையெல்லாம்’ என்றுதான் அவை சொல்லும். எனக்கு அது போதவில்லை. திரும்பச் செய்வதில் இரண்டு வகை உண்டு.

தட்டச்சுப் பயிலகத்தில் தமிழ் படித்தவர்களுக்கு ‘யளனகப’ என்ற வரிசை கடைசிவரை விரலில் இருக்கும். நடுவரிசையில் இடக்கையின் முதற்பாடம் அது. பக்கம் பக்கமாக அதையே அடிக்க வேண்டும், பொருள் கிடையாது. அதன்பின் நகரா விசைகள் வரும். பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் புள்ளியைத் தட்டினால் வண்டி நகராது, அடுத்துத் தட்டும் எழுத்து அதன் கீழே வந்து விழும். ஆகவே ‘க்’ என்று வாய் சொல்லும்போது விரல் முதலில் புள்ளியையும் பிறகு ககரத்தையும் தட்ட வேண்டும். வாய்க்கு ஒரு முறை, விரலுக்கு ஒரு முறை. இந்தத் தலைகீழ் வரிசை உடம்பில் இறங்கப் பல வாரம் ஆகும். ஆங்கிலத் தட்டச்சின் இளநிலைத் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல். அந்த வேகம் வந்த பிறகு விரலைப் பற்றிய நினைப்பே இல்லாமல் போகிறது, நினைப்பு முழுவதும் வாக்கியத்தின் மேல் இருக்கிறது. அந்தப் பாடங்களை மேக்ரோவிடம் கொடுத்தால் தாள் நிரம்பும், கை வெறுங்கையாகவே இருக்கும்.

இந்த வகைத் திரும்பச்செய்தலுக்கு எங்கள் மாவட்டத்தில் ஒரு பாறையே சாட்சி இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து மணப்பாறை போகும் வழியில் குடுமியான்மலை. சிகாநாதர் கோயிலின் பின்னே குன்றைக் குடைந்த மேலைக்கோயிலின் பக்கத்தில், பாறையைச் சமன்செய்து கிரந்த எழுத்தில் வெட்டிய இசைக் கல்வெட்டு. ஏழாம் நூற்றாண்டை ஒட்டியது என்பார்கள். கல்வெட்டுத் துறை 1904இல் அதைப் படியெடுத்தது, பி. ஆர். பண்டார்க்கர் எபிகிராபியா இண்டிகாவின் 12ஆம் தொகுதியில் பதிப்பித்தார். பாட்டோ சாகித்தியமோ அதில் இல்லை. ஸ்வரங்கள் மட்டும், நான்கு நான்காகக் கட்டிய கொத்துகள். ஏழு பகுதிகள், ஒவ்வொன்றும் பழைய ராகம் ஒன்றுக்கு உரியது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அகரம், இகரம், உகரம், எகரம் என்று உயிர் மாறி மாறி வருகிறது. ர, ரி, ரு, ரெ என்பதுபோல. சில எழுத்துகளின் மேல் புள்ளிகளும் உண்டு. ருத்ராசாரியார் என்பவரின் மாணவரான, சிவபக்தரான ஓர் அரசர் மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று கல்வெட்டே சொல்கிறது. மகேந்திரவர்மன்தான் அந்த அரசர் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள், இப்போது ஆய்வாளர்கள் அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை. திருமயத்துப் பாறையில் பரிவாதினி என்ற நரம்புக் கருவியின் பெயர் வருகிறது. குடுமியான்மலைக் கொத்துகளும் அதுபோன்ற கருவியில் விரல் பழகுவதற்கான பாடங்கள் என்று கருதுபவர்கள் உண்டு.

அந்தப் பாறையின் முன்னால் நிற்கும்போது, ஒரு கையின் அசைவுகளை இன்னொரு கை திரும்பச் செய்வதற்காக வரிசையாக எழுதிவைத்திருக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு விசை, அதன்பின் ஒரு விசை. நோக்கம் மட்டும் நம் மேக்ரோவுக்கு நேர் எதிர். மாணவனின் விரல் அதைப் பலமுறை செய்து, செய்து, அதற்குள் போக வேண்டும் என்பதற்காக வெட்டியது அது. நாம் விரல் அதை இனிமேல் செய்ய வேண்டாம் என்பதற்காகப் பதிவுசெய்கிறோம். வரிசை அழியாமல் இருக்கிறது, அதை வாசித்த கருவியும் பாடமும் தொடர்ச்சி விட்டுப்போயின. அந்த நான்கு உயிர்கள் மீட்டும் விதத்தைச் சொல்கின்றனவா, சுருதியின் நுண்ணிய வேறுபாட்டையா என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லை. மேக்ரோ எழுதுகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். வரிசையை மட்டும் விட்டுப்போனால், அது எதற்காக என்பதைப் பின்னால் வருபவர் ஊகிக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு மேக்ரோவின் தலையிலும் இது என்ன செய்கிறது, எப்போது ஓட்டக் கூடாது என்று தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். குறிப்பு வரி என்று சொல்லிவிட்டால் மென்பொருள் அதைத் தாண்டிப் போய்விடும். மனிதர்கள் படிப்பார்கள்.

திரும்பச் செய்வதில் இரண்டாவது வகை, கற்றுக்கொள்ள இனி எதுவும் மிச்சமில்லாதது. கடை முகவரியை, மாவட்டம் வட்டம் பெயரை, விண்ணப்பத்தின் ‘அனுப்புநர் பெறுநர்’ தலைப்பை ஆயிரமாவது முறையாக அடிப்பதில் எந்தக் கையும் தேறப்போவதில்லை. மணிக்கட்டு வலிதான் மிச்சம். இவற்றைத் தயங்காமல் கொடுத்துவிடலாம்.

கொடுக்கலாம் என்பதிலும், யாருடைய செலவில் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. தட்கல் முன்பதிவு குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் மற்றவற்றுக்கு 11 மணிக்கும் திறக்கிறது. சென்னைக்குப் போகும் வண்டிக்காகப் புதுக்கோட்டை நிலையத்தின் கவுண்டரில் வரிசையில் நிற்பவர், முன்னால் நிற்பவரின் படிவத்தை எழுத்தர் அடித்து முடிக்கும்வரை காத்திருக்கிறார். அதே நேரத்தில் எங்கோ ஒரு மென்பொருள் பயணிகளின் பெயர், வயது எல்லாவற்றையும் நொடியில் நிரப்பி இருக்கைகளை அள்ளிக்கொள்கிறது. 2017 டிசம்பரில் அப்படி ‘நியோ’ என்ற மென்பொருளை எழுதியதாக மத்திய புலனாய்வுத் துறை தன்னுடைய நிரலாளர் ஒருவரையே கைதுசெய்தது. 2025 ஜூலையிலிருந்து இணையவழித் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்று ரயில்வே கட்டாயமாக்கியது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதுவும் படிவம் நிரப்பும் மேக்ரோவின் நெருங்கிய உறவுதான். வரிசையில் நிற்பவரின் முறையை அது எடுத்துக்கொள்கிறது. அதை எழுதும் திறமையை நான் திறமை என்று பாராட்டமாட்டேன்.

மேக்ரோ உண்மையிலேயே தேவைப்படும் இடம் சார்பதிவாளர் அலுவலகங்களின் எதிரே உள்ள கடைகள். ஆலங்குடி, அறந்தாங்கி, திருமயம், கீரனூர் என்று எங்கே போனாலும் பத்திரம் எழுதுபவரும் அதை அடித்துக் கொடுப்பவரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். கிரையப் பத்திரத்தின் பெரும்பகுதி மாறாத வாசகம். புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விற்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று ஓடும் அந்தத் தொடர்களை அடிப்பவர் மனப்பாடமாகவே வைத்திருப்பார். அதைத் திரும்ப அடிக்க முடியாமல் கடைகள் கண்டுபிடித்த வழி, பழைய பத்திரத்தின் கோப்பைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றுவது. எங்கும் இதுதான் நடைமுறை. எங்கும் தவறுகள் பிறப்பதும் இதில்தான்.

பழைய கோப்பில் எல்லாமே நிரம்பியிருக்கிறது. எது பொதுவாசகம், எது போன மாதம் வந்த ஆளின் சொத்து என்று அதற்குத் தெரியாது. பெயர் மாறும், தொகை மாறும், சர்வே எண் மாறும். நான்கெல்லையில் ஓர் எல்லை மாறாமல் தங்கிவிடும். யாரோ ஒருவருடைய வேலி இன்னொருவருடைய பத்திரத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பதிந்த பிறகு தெரியவந்தால் பிழைத்திருத்தல் பத்திரம், விற்றவரைத் தேடிப்பிடித்துக் கையெழுத்து, மறுபடி அலைச்சல். விற்றவர் இறந்துபோயிருந்தால் வாரிசுகள் எல்லோரையும் கூட்ட வேண்டும். சில குடும்பங்களில் அது நடக்கவே நடக்காது.

எல்லை எழுதும் முறையும் ஒன்றல்ல. ‘வடக்கில் கண்மாய்க்கரை’ என்று ஒருவர் எழுதுவார். ‘கண்மாய்க்கரைக்கு வடக்கு’ என்று இன்னொருவர் எழுதுவார். முதலாவதில் கண்மாய் நிலத்துக்கு வடக்கே கிடக்கிறது. இரண்டாவதில் நிலம் கண்மாய்க்கு வடக்கே, அதாவது கண்மாய் தெற்கே. ஒரு வேற்றுமை உருபில் நிலம் கண்மாயைத் தாண்டிப் போய்விடுகிறது. மூலப்பத்திரம் ஒரு முறையில் இருந்து, கடையின் மாதிரிக் கோப்பு மறுமுறையில் இருந்தால், ஊரைத் தெரிந்த ஒருவர் நின்று யோசித்துத்தான் மாற்ற முடியும். நான் பார்த்த ஒரு கடையில் வயதான பத்திர எழுத்தர் ஒருவர், அடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டார்: “ஏம்மா, எல்லையப் பாத்தியா?”

“பேரு, தொகை, சர்வே நம்பரு எல்லாம் மாத்திட்டேன் சார்.”

“அது சரி. எல்லைய நான் வாசிக்கிறேன், நீ புதுசா அடி.”

அவர் மூலப்பத்திரத்தைக் கண்ணுக்கு அருகே பிடித்து வாசித்தார். ஒவ்வொரு திசைக்கும் நிறுத்தி, எதிரே உட்கார்ந்திருந்த விற்பவரைப் பார்த்து “சரிதானங்க?” என்று கேட்டார். விற்பவர் கண்ணை மூடிக்கொண்டு கையை அந்தந்தத் திசைக்கு நீட்டி, தலையசைத்தார். அவர் தன் நிலத்தின் நடுவில் போய் நின்றுகொண்டார் என்று எனக்குத் தோன்றியது. அந்தச் சில நிமிடங்களை எந்த மேக்ரோவிடமும் கொடுக்கக் கூடாது.

ஆகவே நல்ல பத்திர மேக்ரோ பழைய கோப்பைவிடக் குறைவாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மாறாத வாசகம் மட்டும் அதனுள் இருக்கட்டும். ஒரு செயல் விசைக்கு முகப்பு வாசகம், இன்னொன்றுக்குப் பாத்திய வாசகம், மற்றொன்றுக்குச் சொத்து விவரத்தின் தலைப்பு. நான்கெல்லை வரும் இடத்தில் திசையின் பெயரையும் அதன் பின்னே சதுர அடைப்பில் ஒரு வெற்றிடத்தையும் வைத்துவிட்டு நின்றுவிட வேண்டும். கிழமேலடி, தென்வடலடி அளவுகளுக்கும் அப்படியே. எதையும் ஊகித்து நிரப்பக் கூடாது. இதற்கு மேல் ஒரு காவலையும் வைக்கலாம். அச்சிடும் விசையை மேக்ரோ வழிமறித்து, பத்திரத்தில் வெற்று அடைப்பு எங்காவது மிச்சமிருக்கிறதா என்று தேடிப் பார்க்கும். இருந்தால் அச்சுக்கு விடாமல், எந்த எல்லை காலியாக இருக்கிறது என்று காட்டும். இத்தனைக்கும் தேவைப்படுவது முன்பு சொன்ன தூண்டலும் நிபந்தனையும் செயலும்தான். ஓரளவு பழகியவர் ஒரு மாலையில் எழுதிவிடலாம். பதிவுத்துறை 2018இல் ஸ்டார் 2.0 கொண்டுவந்த பிறகு பல விவரங்களை இணையத்திலும் நிரப்ப வேண்டியிருக்கிறது. அந்தப் படிவங்களில் பத்திர மேக்ரோவை ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பக்கம் எப்போது திறக்கும், பெட்டிகள் எப்போது இடம் மாறும் என்பது நம் கையில் இல்லை. அங்கே கையால் அடிப்பதே நல்லது.

இதையெல்லாம் எங்கே கற்பது? பெரிய ஊர்களில் நிரலாக்கம் கற்றுத்தரும் நிறுவனங்களுக்கு இது மிகச் சிறிய விஷயம், பாடத்திட்டத்தில் வராது. டிடிபி கடையில் வேலைக்கு வரும் பெண்கள் அங்கே போகவும் போவதில்லை. அவர்கள் போகிற இடம் தட்டச்சுப் பயிலகம். ஆகவே பயிலகங்களே முதுநிலை முடித்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டும் என்று கேட்கிறேன். கையின் மதிப்பு தெரிந்தவர்கள் அவர்கள், எதைக் கையிலிருந்து எடுக்கலாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. முதல் வகுப்பில் கணினியைத் திறக்கவே வேண்டாம். வேலைக்குப் போகும் மாணவி ஒரு நாள் முழுக்கத் தான் என்னென்ன அடித்தோம் என்பதை ஒரு தாளில் குறித்துவரட்டும். எது மாறாமல் வந்தது, எது ஒவ்வொரு முறையும் மாறியது, எதை அடிக்கும்போது நிறுத்தி ஒருவரைக் கேட்க வேண்டியிருந்தது என்று ஆசிரியரும் அவளும் சேர்ந்து பிரிக்கட்டும். அடுத்த வகுப்பில் நிறுத்தும் விசை. அதற்கடுத்து ஒரே ஒரு வாசகத்தை விரிக்கும் மேக்ரோ, தலையில் இரண்டு வரிக் குறிப்போடு. தட்டச்சுத் தேர்வுகள் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கின்றன. தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் வாரங்கள் இதற்குத் தாராளமாகப் போதும்.